வீட்டாரின் ஒப்புதல்

பட்டறைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்ததோடு நிற்காமல் அதில் ஒரு பெருமை வேறு. "கோபம் இருக்கற இடத்துலதான் குணம் இருக்கும்" என்று கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். தன்னுடையது வைக்கோல் நெருப்பு, பற்றிய வேகத்தில் அணைந்துவிடும் என்பது அவர் கட்சி. அந்த வைக்கோலுக்குப் பக்கத்தில் இருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று ஐம்பத்தொரு வயது வரை அவருக்குத் தோன்றவில்லை.

இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற பட்டறை அவருடையது. ஒரு முறை துப்பாக்கி சுடும் சங்கத்துக்குக் குறிப்பலகை மாட்டும் சட்டங்களைப் பற்றவைக்கப் போனார். வேலை முடிந்ததும் செயலாளர் சும்மா ஒரு மரியாதைக்கு, "நீங்களும் பத்து ரவுண்டு சுட்டுப் பாருங்களேன்" என்றார். பட்டறைக்காரர் பாயில் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விரலை மெல்ல இழுத்தார். பத்தில் ஏழு நடுவட்டத்தில். பற்றவைத்துப் பழகிய கை நடுங்குமா? அன்றைக்கே சங்கத்தில் சேர்ந்துவிட்டார்.

குறி பார்த்ததைவிட இன்னொன்றுதான் அவரை இழுத்தது. அந்தப் பாயில் படுத்திருக்கும்போது அவருக்கு உலகத்தில் யார் மேலும் கோபம் இல்லை. கடன் சொல்லும் வாடிக்கையாளர் இல்லை, அளவைத் தப்பாக வெட்டும் வேலையாள் இல்லை. வெள்ளைக் காகிதமும் கறுப்பு வட்டமும் தன் மூச்சும் மட்டும்தான். ஆனால் சங்கத்தில் இருந்ததோ நாலு துப்பாக்கி, உறுப்பினர்களோ முப்பது பேர். வரிசையில் நின்று நின்று, பாயில் படுப்பதற்குள்ளேயே ரத்தம் கொதித்துவிடும். சொந்தமாக ஒன்று இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஒரு வருடம் உறுப்பினராக இருந்தவர் லைசென்சுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது விதி. வருடம் முடிந்த மறுநாள் காலை, மனைவியையும் கூட்டிக்கொண்டு துப்பாக்கிக் கடையில் போய் நின்றார்.

கடையை நடத்தியது நாற்பது வயதுப் பெண்மணி. துப்பாக்கிகள் வரிசையாகச் சங்கிலி போட்டுப் பூட்டப்பட்டிருந்தன. பட்டறைக்காரரின் கண் நேராகப் போய் ஒரு கறுப்பு ரகத்தில் நின்றது. பத்துக் குண்டு மகசீன், பார்க்கவே மிடுக்கு.

"அது உங்களுக்குக் கிடையாதுங்க" என்றார் கடைக்காரம்மா. "முதல் லைசென்சுக்கு ஒத்தைக் குண்டு ரகம்தான். ஒவ்வொரு தடவையும் கையால போட்டுச் சுடணும். மகசீன் வச்சது மூணு வருஷம் கழிச்சு."

"என்னங்க இது அநியாயம்! நான் என்ன பச்சைப் புள்ளையா? போன மாசம் போட்டியில ரெண்டாவதா வந்தவன் நான்!"

"முதலாவதா வந்தவருக்கும் இதே விதிதாங்க. நான் எழுதின சட்டமில்ல" என்று அந்த அம்மா சாவகாசமாகச் சொல்லிவிட்டு, ஒரு அளவு நாடாவை எடுத்தார். "முதல் துப்பாக்கி வாங்க வர்றவங்க எல்லாரும் கண்ணால வாங்கிடறாங்க. நீங்க கையால வாங்குங்க. முழங்கையை மடக்குங்க."

மடக்கிய முழங்கையிலிருந்து சுட்டுவிரல் வரை அளந்தார். பிறகு இரண்டு துப்பாக்கிகளை எடுத்து வைத்தார். முதலாவதில் ஏகப்பட்ட திருகுகளும் பிடிகளும், தூக்கினால் தோள் இறங்கியது. இரண்டாவது பழையது. வால்நட் மரக்கட்டை, அடிப்பக்கம் ஒரு விரிசலை ஒட்டியிருந்தார்கள். பட்டறைக்காரர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கண்ணை மூடிக்கிட்டுத் தோள்ல வைங்க. கன்னத்தைச் சாய்ங்க. இப்பக் கண்ணைத் திறங்க. குறி நேரா நிக்குதா?"

நேராக நின்றது. எதையும் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. இத்தனை காலம் எங்கேயோ கிடந்து இவருக்காகவே காத்திருந்தது போல அந்தக் கட்டை கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. பட்டறைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "இங்க பாரு!" என்று மனைவியைப் பார்த்துத் திரும்பினார். துப்பாக்கியின் வாய் தரையைப் பார்த்துத்தான் இருந்தது, அந்தப் பழக்கத்தைச் சங்கத்தில் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் மனைவி நின்ற இடத்தில் இல்லை. கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் போய் நின்றிருந்தாள்.

"காலித் துப்பாக்கிம்மா! இதுக்குப் போய் ஒளியறியே!" என்று சிரித்தார். மனைவியும் சிரித்தாள். கடைக்காரம்மா சிரிக்கவில்லை.

"இதுல உங்க பேரை எழுதிச் சீட்டுக் கட்டி வைக்கறேன்" என்றார் அவர். "தொண்ணூறு நாள். அனுமதிக் கடிதத்தோட வந்தா எடுத்துக்கலாம். இல்லைன்னா அடுத்தவங்களுக்குக் காட்டிடுவேன்."

விண்ணப்பம் பதினோரு பக்கம். பட்டறைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிரப்பினார். ஏழாம் பக்கத்தின் தலைப்பு: வீட்டாரின் ஒப்புதல். விண்ணப்பதாரருடன் வசிக்கும் வயது வந்த ஒருவர் இப்பகுதியைத் தம் கைப்பட நிரப்ப வேண்டும் என்று கீழே தடித்த எழுத்தில் போட்டிருந்தது. வீட்டில் அவரும் மனைவியும்தான், மகள் வேலை பார்க்கும் ஊரில் தனியாக இருந்தாள். மனைவி அடுக்களையில் இருந்தாள். அவளுக்கு எதற்கு வீண் சிரமம்? கல்யாணமான நாளிலிருந்து வங்கிக் காகிதம், மகளின் பள்ளிக்கூடக் காகிதம், மின் இணைப்புக் காகிதம் எல்லாவற்றையும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவர்தான் நிரப்பிவந்தார்.

வீட்டில் துப்பாக்கி இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை உண்டா? இல்லை என்று எழுதினார். விண்ணப்பதாரர் கோபத்தில் பொருள்களை எறிந்ததோ உடைத்ததோ உண்டா? இல்லை. உங்களையோ பிள்ளைகளையோ மிரட்டியது உண்டா? இல்லை. அவரிடம் உங்களுக்குப் பயம் உண்டா? இல்லை. நாலு இல்லைகளையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, "ஏம்மா, இங்க வந்து ஒரு கையெழுத்துப் போடு" என்று குரல் கொடுத்தார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் விரல் காட்டிய இடத்தில் போட்டுவிட்டு, அடுப்பில் இருந்ததைப் பார்க்கப் போனாள்.

துப்பாக்கியை வைக்க இரும்புப் பெட்டி வேண்டும், அதைச் சுவரோடு பிணைக்க வேண்டும் என்பதும் விதி. கடையில் வாங்குவாரா நம்ம ஆள்? மூன்று மில்லிமீட்டர் தகட்டில் தானே செய்தார். இரட்டைப் பூட்டு, உள்பக்கமாகப் பற்றவைத்த கீல், சுவருக்குள் நாலு போல்ட்டு. பத்து நாள் அதிலேயே போயிற்று. அந்தப் பத்து நாளும் அவர் பட்டறையில் யாரையும் திட்டவில்லை என்று வேலையாட்கள் பேசிக்கொண்டார்கள்.

லைசென்சு அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு வந்தவர் முப்பதைத் தாண்டிய ஒரு பெண் அதிகாரி. பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பெட்டியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், ஆட்டிப் பார்த்தார், கீலில் விரலை ஓட்டினார். "நல்ல வேலைங்க. இவ்வளவு உறுதியா நான் பார்த்ததில்ல" என்றார். பட்டறைக்காரருக்கு லைசென்சே கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

பிறகு அந்த அதிகாரி விண்ணப்பத்தைப் புரட்டினார். ஏழாம் பக்கத்தில் நின்றார். ஆறாம் பக்கத்துக்குப் போனார், மறுபடி ஏழுக்கு வந்தார்.

"இதை யாருங்க எழுதினது?"

"நான்தான் மேடம். கீழ அவ கையெழுத்துப் போட்டிருக்கா பாருங்க."

"அவங்கதானே எழுதணும்?"

"அவளும் நானும் ஒண்ணுதான் மேடம். இருபத்தாறு வருஷக் குடித்தனம்."

அதிகாரி தலையை ஆட்டினார். "சரிங்க. நீங்க கொஞ்ச நேரம் வெளிய இருங்க. அவங்ககிட்ட நான் தனியாப் பேசணும். எல்லா வீட்டுலயும் செய்யறதுதான்."

வாசலில் போய் நின்றார். கேட்டின் கீல் லேசாகக் கிறீச்சிட்டது, எண்ணெய் கொண்டுவந்து விட்டார். கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. பெண்பிள்ளைகள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சுக்குப் பஞ்சமா என்று தனக்குத்தானே கேலி செய்துகொண்டார். முக்கால் மணி கழித்து அதிகாரி வெளியே வந்து, "கடிதம் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

"என்ன கேட்டாங்க?" என்றார் உள்ளே வந்து.

"எல்லாம் கேட்டாங்க" என்றாள் மனைவி.

"நீ என்ன சொன்ன?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

அது போதுமே அவருக்கு. மேற்கொண்டு கேட்கவில்லை.

பதினேழாம் நாள் கடிதம் பட்டறைக்கு வந்தது. விசாரணையில் தெரியவந்த விவரங்களின் அடிப்படையில் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவ்வளவுதான். என்ன விவரம், யார் சொன்னது, எதுவும் இல்லை.

பட்டறைக்காரர் குதியாய்க் குதித்தார். யாராக இருக்கும்? நற்சான்று கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் சங்கத்துச் செயலாளர், அவர் தங்கமான மனிதர். இன்னொருவர் பக்கத்துப் பட்டறை லேத்துக்காரர். இரண்டு மாதம் முன்னால் ஒரு இரும்புத் தண்டைத் தப்பாகக் கடைந்ததற்கு அந்த மனிதரைத் தெருவே கேட்கத் திட்டியது நினைவுக்கு வந்தது. அப்புறம் என்ன, கேட்கவே வேண்டாம். நல்ல வேளையாக லேத்துக்காரர் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். பட்டறைக்காரர் கடிதத்தைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டான் அந்த லேத்துக்காரன்! இன்னிக்கு அவன் வீட்டுக்கே போயி நாலு பேர் முன்னால அவனை என்ன பண்றேன் பாரு!" கரிபடிந்த சட்டையைக் கழற்றி எறிந்தார், வேறு சட்டையைத் தேடினார், பொத்தானை மாற்றிப் போட்டார். பொரிந்து தள்ளிக்கொண்டே வாசலுக்கு வந்தவர், அங்கே மனைவி நிற்பதைப் பார்த்தார்.

"அவரை விட்டுடுங்க" என்றாள். "நான்தான் சொன்னேன்."

"எதை?"

"அவங்க கேட்டாங்க. கோவத்துல எதையாவது எறிஞ்சிருக்காரான்னு. ஸ்பேனரைச் சொன்னேன்."

"எந்த ஸ்பேனர்?"

உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. அதுதான் கொடுமை. மனைவி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறைக்கிறாரா, மறந்துவிட்டாரா என்று பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு மெதுவாகச் சொன்னாள். பதினைந்து வருடம் இருக்கும். ஏதோ ரசீதைக் காணோம் என்று தேடியிருக்கிறார். அவள் அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறாள். எடுத்துக் கொடுக்க வரும்போது கையில் இருந்ததை எறிந்திருக்கிறார். காதுக்கு நாலு விரல்கடை தள்ளிச் சுவரில் போய்ப் பட்டது, காரை பெயர்ந்து விழுந்தது.

"மறுநா நீங்களே சிமெண்டு வச்சுப் பூசிட்டீங்க. நல்லாத்தான் பூசினீங்க. புள்ளைக்கு அப்ப ஒம்பது வயசு. கட்டிலுக்கு அடியில போயி உக்காந்துகிட்டா. சாயங்காலம் வரைக்கும் வரலை."

"நான்... அது ஆள் மேல எறிஞ்சது இல்லையே" என்றார் பட்டறைக்காரர். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பேச்சு என்று காதில் விழுந்தது.

"இருபத்தாறு வருஷத்துல என்கிட்ட யாரும் இதைக் கேட்டதில்லைங்க. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, பயமா இருக்கான்னு. கேட்டப்போ இல்லைன்னு சொல்ல வாய் வரலை."

அப்போதுதான் அவர் கவனித்தார். மனைவி வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். காலில் செருப்பு. கையில் போன். கேட் முழுக்கத் திறந்திருந்தது. தன் வீட்டில், தன் புருஷனிடம் ஒரு உண்மையைச் சொல்வதற்கு அவள் ஓடத் தயாராகிவிட்டு வந்திருக்கிறாள். வைக்கோல் நெருப்பாம். பட்டறைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

மறுநாள் கடைக்குப் போனார், தனியாக.

"சீட்டை எடுத்துடுங்கம்மா. வேற யாருக்காவது குடுங்க."

"முப்பது நாள் இருக்குங்களே. மேல்முறையீடு பண்ணலாமே? நிறைய பேருக்கு ரெண்டாம் தடவை கிடைச்சிருக்கு."

"வேணாம்மா. அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க."

கடைக்காரம்மா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் சீட்டின் நூலைக் கத்தரித்தார். ஒரே ஒரு தடவை கையில் தரச் சொல்லலாமா என்று பட்டறைக்காரருக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. வால்நட் கட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் படியிறங்கினார். வருத்தம் இல்லாமல் இல்லை, அழுகை வருகிற அளவுக்கு இருந்தது. ஆனால் அது துப்பாக்கிக்கான வருத்தம் இல்லை என்று தெரிந்த அளவுக்கு அவருக்குப் புத்தி வந்திருந்தது.

இதையெல்லாம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்லியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். முன்பின் தெரியாத கடைக்காரம்மாவிடம் சொல்ல வந்த வாய், வீட்டில் வரவில்லை. வெட்கம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பதினைந்து வருடத்து ஸ்பேனருக்கு இன்றைக்கு என்ன வார்த்தை இருக்கிறது? மன்னிப்பு என்ற சொல்லை அவர் யாரிடமும் சொல்லிப் பழகியதில்லை. பற்றவைக்கும்போது முகமூடிக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தால், "குடிக்கத் தண்ணி இருக்கா?" என்பதுதான் வந்தது.

ஆகவே வேறொரு முடிவு எடுத்தார். இனிமேல் இந்த வீட்டில் தன் குரல் உயராது. வாயைத் திறந்தால்தானே வம்பு, திறக்கவே வேண்டாம். காலையில் எழுந்தார், வைத்ததைச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார், பட்டறைக்குப் போனார். மாலையில் வந்தார், செய்தித்தாளைப் பிரித்தார், படுத்தார். கேட்டதற்கு ம் என்றார், ம்ஹும் என்றார். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. மனைவியும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். வீடு இவ்வளவு அமைதியாக ஒரு நாளும் இருந்ததில்லை. மனதுக்குள் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டு வந்தார். ஒரு நாள் கத்தாமல் போனால் ஒரு நாள் கழிந்தது என்று கணக்கு. தான் தவம் இருப்பதாகவே நினைத்தார் மனிதர்.

இருபத்தெட்டாம் நாள் மாலை, அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மனைவி வந்து மேசைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

அதே ஏழாம் பக்கம். புதுத் தாள். அவள் கையெழுத்தில், மகளுக்குப் பள்ளிக்கூட நோட்டில் எழுதிக் கொடுத்தது போலக் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். ஆட்சேபணை உண்டா? இல்லை. எறிந்தது உண்டா? இல்லை. மிரட்டியது உண்டா? இல்லை. பயம் உண்டா? இல்லை. அடியில் தனியாக மூன்று வரி: "முன்பு நான் சொன்னது சரியில்லை. அன்று உடம்பு முடியாமல் ஏதோ பேசிவிட்டேன். என் கணவர் கோபப்படுகிறவர் அல்ல."

"நாளன்னிக்குக் கடைசி நாளாம்" என்றாள். "ஆபீசுக்குப் போயி நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன்."

"எதுக்கும்மா இது?" என்றார் அவர். நாலு வாரத்தில் அவர் முழுசாகப் பேசிய முதல் வாக்கியம்.

"நீங்க கத்தினாக்கூடத் தாங்கிக்குவேங்க. கத்தி முடிச்சா முடிஞ்சுதுன்னு தெரியும். இப்படிப் பேசாமலே இருந்தீங்கன்னா, எப்ப என்ன வரும்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. ராத்திரி தூக்கமே இல்ல. நீங்க ஆசைப்பட்டதை வாங்கிக்கங்க. என்கிட்ட பேசுங்க, போதும்."

பட்டறைக்காரர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் தவம் என்று எண்ணி ஒவ்வொரு நாளாகக் கழித்தது, அவள் ஒவ்வொரு நாளாக நடுங்கிக் கழித்தது. கத்திய வருடங்களில் செய்யாத கொடுமையை வாயை மூடிக்கொண்டு செய்திருக்கிறார்.

"துப்பாக்கியைக் கடிதம் வந்த மறுநாளே வேணாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார்.

"என்கிட்ட சொல்லலையே?"

"சொல்லலை. எனக்குக் கோபமே இல்லம்மா. சத்தியமா இல்ல. நீ அன்னிக்குச் சொன்னதுதான் நிஜம். தப்பு என்னுது. என்னை மன்னிச்சிடு."

சொல்லிவிட்டார். இருபத்தாறு வருடமாக வராத வார்த்தை ஒருவழியாக வந்துவிட்டது. எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். மனைவி சட்டென்று ஓரடி பின்னால் போனாள். போனது அவளுக்கே தெரிந்திருக்காது. அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு மேசைமேல் இருந்த அவர் கைகளைப் பார்த்தாள். இதற்கு என்ன சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று யோசிப்பவள் போலக் கொஞ்ச நேரம் நின்றாள்.

"சரிங்க" என்றாள்.

எத்தனையோ ஆயிரம் தடவை அவர் கேட்ட சரிங்கதான் அது. அதை அவர் இத்தனை காலமும் சம்மதம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.